பேனாக் கோட்டைத் தாண்டிய ஈரம்

போன மாதம் எங்கள் வைத்தியசாலையில் முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சையை மறுபடியும் தொடங்கினார்கள். புதிதாக வந்திருக்கும் தாதிப் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு வைத்து, ஓய்வுபெற்று வீட்டிலிருக்கும் என்னையும் கூப்பிட்டார்கள்.

"மிஸி, உங்கட அனுபவத்தக் கொஞ்சம் கதைங்க. காயம் பாக்குற விசயத்துல எங்களுக்கு ஆர் இரிக்கிற, உங்கள விட்டா?" என்றது ஒரு பிள்ளை.

போனேன். கை கழுவுவதைப் பற்றியும் ட்ரெசிங் பொதியைப் பிரிப்பதைப் பற்றியும் கதைத்தேன். மேடையில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் பிரதம அதிதியாக இருந்தவர் காசிம் ஹாஜியார். இந்தப் பிரிவை ஊருக்குக் கொண்டுவந்த பெருமகன் என்று அவரை அறிமுகம் செய்தார்கள். அதற்குப் பிறகு, சொல்ல நினைத்து வந்ததை விட்டுவிட்டுப் பாடத்தை மட்டும் சொன்னேன். கைதட்டினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், வந்துவிட்டேன். ஆனால் அந்தப் பிள்ளை கேட்டது என் அனுபவத்தை. நான் அங்கே சொன்னது அனுபவமே இல்லை, பாடப் புத்தகத்தில் இருப்பது. அனுபவத்தை இங்கே எழுதுகிறேன்.

நான் சாய்ந்தமருதுக்காரி. வாப்பா கரைவலை மீன்பிடிக்குப் போனவர். எங்கள் தெருவில் தாதி வேலைக்குப் போன முதல் பெண் நான்தான். அதற்காக வாப்பா பள்ளிவாசலில் கேட்க வேண்டியிருந்த கதைகளை அவர் எனக்குக் கடைசி வரை சொல்லவில்லை. மட்டக்களப்பில் பயிற்சி எடுத்த காலத்தில் கட்டில் விரிக்கப் படித்தோம், ஊசி போடப் படித்தோம், ஏச்சு வாங்கப் படித்தோம். பிறகு யுத்தம். குண்டு பட்டவர்கள், வெட்டுப்பட்டவர்கள், மிதிவெடியில் கால் போனவர்கள். பிறகு கடல் ஊருக்குள் வந்தபோது, சேறும் மணலும் ஏறிய காயங்கள். காயம் என்றால் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சுத்தமான தியேட்டரில், சுத்தமான கத்தியால், நல்லது செய்வதற்காக வெட்டிய காயம் எப்படியெல்லாம் போகும் என்பதை டொக்டர் ஞானசேகரம் வந்த பிறகுதான் கண்டேன்.

அவர் தம்பிலுவில்காரர். எலும்பு முறிவு, மூட்டு சம்பந்தமான நிபுணர். கொழும்பில் இருந்திருந்தால் இன்றைக்குப் பெரிய ஆளாக இருந்திருப்பார். ஊர்ப்பக்கம் இடமாற்றம் கேட்டு வந்தார். மெலிந்த மனிதர், குரலை உயர்த்தமாட்டார், சிரிக்கவும் மாட்டார். நோயாளர் வாட்டுக்குள் நுழைந்தால் முதலில் குழாயடிக்குத்தான் போவார். கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, விரல் இடுக்கு, பெருவிரலின் அடி, மணிக்கட்டு என்று ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவுவார். ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போகும் முன் மறுபடியும் குழாயடி. அவருக்குப் பின்னால் சின்ன டொக்டர்களும் நாங்களும் வரிசையில் நிற்போம். அதனால் வாட்டுப் பார்த்து முடிய மத்தியானம் ஆகிவிடும். உள்ளுக்குள் அவரைத் திட்டாத ஆள் இல்லை.

நோயாளியின் முகத்தைப் பார்க்க முன்னர் ட்ரெசிங்கைத்தான் பார்ப்பார். புறங்கையை வெட்டிய முழங்காலில் வைப்பார், பிறகு மற்ற முழங்காலில் வைப்பார். சூட்டை ஒப்பிட்டுப் பார்ப்பது அப்படித்தான். ட்ரெசிங்கில் ஈரம் தெரிந்தால் பேனாவை எடுத்து, ஈரம் நிற்கும் ஓரத்தைச் சுற்றி ஒரு கோடு போடுவார்.

"பின்னேரம் பாருங்க மிஸி. ஈரம் இந்தக் கோட்டத் தாண்டியிருந்தா எனக்குச் சொல்லுங்க. டொக்டர் சாப்பிடுறார், படுக்கிறார் எண்டெல்லாம் பாக்க வேணாம்."

ஏன் இவ்வளவு பயப்படுகிறார் என்று ஒருநாள் கேட்டேன். "சதைக்குள்ள கிருமி வந்தா உடம்பு சண்டை பிடிக்கும். நாங்க உள்ளுக்க வச்சிருக்கிறது இரும்பு. அதில ரத்தம் ஓடாது. கிருமி அதில போய்க் குந்திற்று எண்டா உடம்பும் கிட்டப் போகாது, மருந்தும் கிட்டப் போகாது" என்றார்.

மூட்டு மாற்றிய காயம் ஆரம்பத்தில் கொஞ்சம் நனையும். அது வழமை. பிறகு காய்ந்துவிட வேண்டும். காயாமல் ஊறிக்கொண்டே இருந்தால் மாத்திரையைக் கொடுத்து மூடி வைக்கக் கூடாது, திரும்பத் தியேட்டருக்குக் கொண்டுபோய்த் திறந்து கழுவ வேண்டும். நேரத்தோடு கழுவினால் வைத்த மூட்டைக் காப்பாற்றலாம். அவர் எங்களுக்குச் சொன்னவற்றில் இதைத்தான் அதிகம் சொன்னார்.

அந்த நாட்களில் காசிம் ஹாஜியார் எங்கள் வைத்தியசாலை நலன்புரிச் சங்கத்தின் தலைவர். கல்முனை பசாரில் புடைவைக் கடை வைத்திருந்தார். உண்மையைச் சொன்னால் தியேட்டரைத் திருத்தித் தந்தவரும் அவர்தான், கருவிகளுக்காகக் கொழும்புக்கு அலைந்தவரும் அவர்தான். மூட்டுத் தேய்ந்த எங்கள் சனம் ராவு முழுக்க பஸ்ஸில் குந்தி கொழும்புக்குப் போய் வருவதைப் பார்த்து, இதை இங்கேயே செய்ய வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்கு அவரை மறந்துவிடுவது சுலபமாக இருந்திருக்கும்.

முதல் சத்திரசிகிச்சைக்கு ஆள் வரவில்லை. எல்லாருக்கும் பயம். ஹாஜியார் சொன்னார்: "என்ட கூடப்பொறந்த தங்கச்சிய முதல் ஆளாப் படுக்க வைக்கிறன். அப்பதான் சனம் நம்பும்."

அந்தத் தங்கச்சிதான் சபூறா உம்மா. மருதமுனைக்காரி. மாப்பிள்ளை மௌத்தாகி விதவையான பிறகு, கைத்தறியில் சாரம் நெய்து ஒரு மகளைக் கட்டிக்கொடுத்தவர். தறியின் மிதியை மிதித்து மிதித்தே வலது முழங்கால் போய்விட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். என்னைவிட மூத்தவர் என்பதால் ராத்தா என்று கூப்பிட்டேன். அவருக்கு நான் மிஸிதான்.

அனுமதித்த அன்று டொக்டர் அவருடைய முழங்காலைப் பார்க்கவில்லை. வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார். உள்ளங்காலைத் தூக்கிப் பார்த்தார். விரல்களை விரித்துப் பார்த்தார். சின்ன விரலின் இடுக்கில் சேற்றுப்புண் ஒன்று இருந்தது. இரத்தத்தில் சீனி கூடிய வருத்தமும் இருந்தது.

"இண்டைக்கு ஏலா. இந்தப் புண் ஆறி, சீனியும் இறங்கின பிறகு வாங்க."

ஹாஜியாருக்கு முகம் கறுத்துவிட்டது. ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார், படம் பிடிக்கவும் ஆள் வந்திருந்தது. "முழங்கால வெட்டப் போறீங்க, கால் விரலுக்கு என்னத்துக்கு டொக்டர் பயம்?" என்றார். டொக்டர் பதில் சொல்லாமல் கை கழுவப் போய்விட்டார். அவருடைய குறை அது. மனிதர்களுக்கு விளங்கப்படுத்த அவருக்குப் பொறுமை கிடையாது. எங்களுக்குச் சொன்னதில் கால்வாசியை ஹாஜியாருக்குச் சொல்லியிருந்தால் என்று பிறகு எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன்.

புண் ஆறியது, சீனியும் இறங்கியது, சத்திரசிகிச்சையும் நடந்தது. நல்லபடியாகவே நடந்தது. மறுநாள் சபூறா ராத்தாவை நானும் உடற்பயிற்சிக்காரத் தம்பியும் பிடித்து எழுப்பி நிறுத்தினோம். நடைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு யன்னல் வரை நடந்தார். "யா அல்லாஹ், எலும்பு உரசல்ல மிஸி! உள்ளுக்க சத்தமே இல்ல!" என்று சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். வாசலில் பெரிய பதாகை கட்டினார்கள். அதில் டொக்டருடைய படமும் ஹாஜியாருடைய படமும் இருந்தன. காலைக் கொடுத்தவருடைய படம் இல்லை. பொம்பிளை என்பதால் போடவில்லையாம்.

வீட்டுக்கு அனுப்ப இருந்த வேளையில்தான் ஈரம் தெரிந்தது. காயத்தின் கீழ்ப்பக்கத்தில், வைக்கோல் நிறத்தில், ஒரு சின்ன வட்டம். டொக்டர் கோடு போட்டார். பின்னேரம் பார்த்தேன், தாண்டியிருந்தது. சொன்னேன். வந்து பார்த்து, ட்ரெசிங்கை மாற்றி, மறுபடி கோடு போட்டார். நடக்க வேண்டாம், காலை மடக்க வேண்டாம் என்றார். அடுத்த நாளும் தாண்டியது. அதற்கடுத்த நாள் காயத்தின் ஓரத் தோலில் ஓர் இடம் கருநீலமாகியிருந்தது. காய்ச்சல் இல்லை, சீழும் இல்லை. ராத்தா நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமே இல்லை.

டொக்டர் ஹாஜியாரைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் தனியாக வரவில்லை. சங்கத்து ஆட்கள், மச்சான்மார், ராத்தாவின் மருமகன் என்று கட்டிலைச் சுற்றி ஆண்கள் நின்றார்கள்.

"திரும்பத் திறந்து கழுவ வேணும். உள்ளுக்க இருக்கிற பிளாஸ்டிக் துண்ட மாத்த வேணும். இரும்பு இருக்கிற மாதிரியே இருக்கும். நாளைக்குக் காலமயே செய்யலாம்" என்றார் டொக்டர்.

"சீழ் இரிக்கா?"

"இல்ல. அது வாறதுக்கு முந்தித்தான் செய்ய வேணும்."

"சீழுமில்ல, காய்ச்சலுமில்ல. என்னத்துக்குத் திரும்ப வெட்ட? இப்ப ரெண்டாந்தரம் தியேட்டருக்குள்ள கொண்டு போனா ஊர் என்ன சொல்லும்? முதல் கேஸே பிழைச்சுப் போச்சு எண்டுதான் சொல்லும். மறுகா ஒருத்தனும் இந்தப் படியேற மாட்டான். நாங்க பட்ட பாடெல்லாம் கடலுக்குள்ள போகும்."

"ஹாஜியார், ஊரிட காலப் பத்தி நான் கதைக்கல்ல. இவங்கட காலப் பத்திக் கதைக்கிறன்."

டொக்டர் அவரை விட்டுவிட்டு ராத்தாவின் பக்கம் திரும்பினார். "உம்மா, கால் உங்கட. நீங்க சொல்லுங்க. கழுவவா?"

சபூறா ராத்தா முந்தானையை முகத்துக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். தன் காக்காவான ஹாஜியாரைப் பார்த்தார். பிறகு போர்வையைப் பார்த்தார்.

"காக்கா சொல்றதுதான்" என்றார்.

அன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சொந்த விருப்பத்தில் போவதாக ஹாஜியார் சொல்ல, மருமகன் ஒப்பம் வைத்தார். பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போனேன். வாகனத்தில் ஏற்றும்போது ராத்தா என் கையைப் பிடித்தார். ஏதோ சொல்லப் பார்த்தார். வான் கதவைச் சாத்திவிட்டார்கள்.

பிறகு நடந்தது இதுதான். ஒரு தனியார் டொக்டர் வீட்டுக்கு வந்து ஊசி போட்டு, மாத்திரை கொடுத்தார். ஈரம் நின்றது. தோல் மூடியது. ஹாஜியார் வாட்டுக்கு ஒரு பெட்டி மஸ்கெத்து இனிப்பு அனுப்பினார். கொண்டுவந்த ஆள், "தங்கச்சிட கால் சுகமாகிட்டு எண்டு டொக்டருக்குச் சொல்லட்டாம்" என்றான். டொக்டர் அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை. "காஞ்சது தோல் மட்டும்தான் மிஸி" என்றார்.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து ராத்தாவைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். வாட்டு வாசலில் வரும்போதே எனக்கு மணத்தில் தெரிந்துவிட்டது. முழங்காலின் கீழே தோலில் ஒரு துவாரம், அதிலிருந்து பச்சையும் மஞ்சளுமாக வடிந்துகொண்டிருந்தது. அதை மறைக்கச் சாம்பிராணி பிடித்த சீலையைச் சுற்றியிருந்தார்கள்.

ட்ரெசிங் நான்தான் செய்தேன். தட்டு வண்டியை ஸ்பிரிட்டால் மேலிருந்து கீழே துடைத்தேன். பொதியின் வெளிமடிப்பைக் கையாலும் உள்மடிப்பை இடுக்கியாலும் பிரித்தேன். ஒரு கோஸ் துணித் துண்டால் ஒரு தரம்தான் துடைக்க வேண்டும், துடைத்த இடத்துக்கு அதே துண்டோடு திரும்பப் போகக் கூடாது. வாழ்க்கை முழுக்கச் செய்த வேலை. அன்றைக்கு எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்தேன். ஒழுங்காகச் செய்து ஒரு பிரயோசனமும் இல்லை என்று தெரிந்துகொண்டே செய்தேன்.

"மணக்குதா மிஸி?" என்று கேட்டார் ராத்தா.

"இல்ல ராத்தா."

"பொய் சொல்லாதீங்க. என்ட பேரப்புள்ள கிட்ட வருதில்ல."

டொக்டர் வந்தார். கை கழுவினார், பார்த்தார். ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தான் வைத்த மூட்டைத் தானே வெட்டி எடுத்தார். நான் தியேட்டர் வாசல் வரை போய் நின்றேன். வெளியே வந்தபோது அவருடைய முகமூடி நனைந்திருந்தது. வியர்வை என்று நினைத்துக்கொண்டேன்.

மருந்து கலந்த சீமெந்தை அந்த இடத்தில் அடைத்து, கிருமி போன பிறகு புது மூட்டு வைக்கலாம் என்பது திட்டம். கிருமி போகவில்லை. அதற்குள் மேலிடத்துக்கு ஒரு முறைப்பாடு போய்விட்டது. அனுபவமில்லாத டொக்டர் பரிசோதனைக்கு எங்கள் பெண்ணைப் பாவித்தார், ஆறாத காயத்தோடு வீட்டுக்கு அனுப்பினார் என்று எழுதியிருந்தார்களாம். முதல் ஒப்பம் ஹாஜியாருடையது. 'உங்கள் ஆள்', 'எங்கள் ஆள்' என்ற கதையும் பசாரில் கிளம்பியது. தமிழ் டொக்டர், முஸ்லிம் பொம்பிளை. அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

விசாரணைக்கு வந்தவர்கள் என்னையும் கூப்பிட்டார்கள். கண்டதைக் கண்டபடி சொன்னேன். ஈரத்தைச் சொன்னேன், கோட்டைச் சொன்னேன், ஆண்கள் சுற்றி நின்றதைச் சொன்னேன். ஒருவர் தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டே, "சரி மிஸி, நீங்க போகலாம்" என்றார். அன்று பின்னேரம் சொந்தக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து, "நம்மட ஆக்களுக்கு எதிராச் சாட்சி சொன்னியாமே, புள்ள?" என்று கேட்டார். பல வருடம் எங்கள் தெருவில் சில வீடுகளில் என்னைக் கலியாணத்துக்குக் கூப்பிடவில்லை.

டொக்டர் குற்றவாளி என்று எவரும் சொல்லவில்லை. இடமாற்றம் மட்டும் வந்தது. போகிற அன்று வாட்டுக்கு வந்து, வழக்கம்போலக் கை கழுவி, எல்லாக் கட்டிலையும் பார்த்தார். ராத்தாவின் கட்டிலடியில்தான் அதிக நேரம் நின்றார்.

"மன்னிச்சுக்கங்க உம்மா."

"நீங்க என்னத்துக்கு மன்னிப்புக் கேக்கணும், மகனே?" என்றார் ராத்தா. அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு இந்தக் கரைக்கு வேலைக்கு வரவில்லை. வெளிநாட்டில் இருப்பதாகக் கேள்வி.

மூட்டுச் சத்திரசிகிச்சை அத்தோடு நின்றது. சனம் மறுபடியும் கொழும்பு பஸ்ஸில் ஏறியது. ராத்தாவுக்குக் கொழும்பில்தான் கடைசி வேலை செய்தார்கள். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் ஒன்றாகப் பொருத்தி, முழங்கால் மடங்காமல் ஒட்டவைத்தார்கள். கிருமி போனது. கால் மரக்கட்டை மாதிரி நீட்டியபடியே நின்றுவிட்டது. தறியை விற்றுவிட்டார்கள்.

வகுப்பு முடிந்த மறுநாள் மருதமுனைக்குப் போனேன். அடிக்கடி போவதுதான், ஆனால் இந்த முறை ஒரு காரியத்தோடு போனேன். மடங்காத காலின் பாரத்தையும் சேர்த்துச் சுமந்து ராத்தாவின் இடது முழங்காலும் தேய்ந்துவிட்டது. புதிதாக வந்திருக்கும் டொக்டர் நல்லவர். ஆளைக் கூட்டிவரச் சொன்னார். பார்த்துவிட்டுச் செய்யலாம் என்றார். நானும் அந்தப் பிள்ளைகளை நம்புகிறேன்.

சொன்னேன். ராத்தா கேட்டுக்கொண்டிருந்தார்.

"காக்காவும் சொன்னாரு. கூட்டிப் போறதாச் சொன்னாரு."

"அவர விடுங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

"இப்ப கேக்கிறீங்க" என்று சிரித்தார். "அண்டைக்கி டொக்டர் கேட்டாருதான். நான் இல்ல எண்டு சொல்லல்ல. ஆனா அத்தன ஆம்புளயள் நிண்ட இடத்துல, காக்காட மூஞ்சிக்கி நேர, நான் என்ன சொல்ல ஏலும் மிஸி? எல்லாரையும் வெளிய போகச் சொல்லிப் போட்டுக் கேட்டிருந்தாரெண்டா, கழுவுங்க எண்டுதான் சொல்லியிரிப்பன். எனக்குத் தெரியும், அது சரியில்ல எண்டு. முழங்காலுக்குள்ள கொதிச்சிக்கிட்டு இருந்தது."

இதை அவர் எனக்குச் சொல்வது அதுதான் முதல் தடவை. டொக்டருக்கு அது தெரியாது. இனிச் சொல்லவும் வழியில்லை.

"இந்த முற நான் இரிக்கன் ராத்தா. ஒருத்தரயும் கிட்ட விடமாட்டன். நீங்க மட்டும் சொன்னாப் போதும்."

"வேணாம் மிஸி. ஒரு கால் போனதோட போதும். இது நோகுது, நோகட்டும். என்ட சொந்தக் காலா நோகுது."

எவ்வளவோ சொன்னேன். ஆறு ஏழு மாதத்தில் சுவரைப் பிடிக்காமல் நடக்கலாம் என்றேன். மகளும் சொன்னாள். ராத்தா வெற்றிலைத் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு வேறு கதைக்குப் போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. யாரைக் கோபிப்பது என்றுதான் தெரியவில்லை.

பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. மகள் பிளாஸ்டிக் கதிரையைத் தொழும் திசையான கிப்லாப் பக்கம் திருப்பி வைத்து, உம்மாவைப் பிடித்து இருத்தினாள். வலது கால் மடங்காமல் நேரே நீட்டிக்கொண்டு நின்றது. பாதம் கிப்லாவைப் பார்த்தபடி இருந்தது. கிப்லாவுக்குக் கால் நீட்டுவது மரியாதைக் குறைவு என்று பழகியவர்கள் நாங்கள். ராத்தா கதிரையைக் கொஞ்சம் சரித்துப் பார்த்தார். சரித்தால் முகம் கிப்லாவை விட்டு விலகியது. மறுபடி நேராக்கினார்.

"குற்றமில்ல எண்டு மௌலவி சொல்லிட்டாரு" என்றாள் மகள் என்னிடம் மெதுவாக. "உம்மாக்கு மனசு கேக்குதில்ல."

ராத்தா ஒரு வெள்ளைத் துணியை எட்டி எடுத்து அந்தப் பாதத்தின் மேல் போட்டு, விரல் நுனி தெரியாதபடி மூடினார். பிறகு கையை உயர்த்தித் தக்பீர் கட்டினார்.